தொப்பி கேட்கவில்லை

ஒரு நாயனக்காரரிடம், “உங்க காது பழைய மாதிரி இல்லைங்கய்யா” என்று சொன்னேன். அவர் காதுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கோளாறு நான் போட்ட வயரில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கும் அவரிடம் உண்மையைச் சொல்லாமல், ஒரு கல்லின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். 2017-ல் அவர் இறந்துபோனார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். பிழைப்பு அது. மனசு ஸ்பீக்கர் பெட்டிகளில் இருந்தது. தச்சரிடம் பலகை அறுக்கக் கொடுத்து, ஸ்பீக்கர் வாங்கி வந்து, நானே பெட்டி சேர்ப்பேன். யார் வீட்டுக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வந்தாலும், “சவுண்டு சாரைக் கூப்பிடுங்க” என்பார்கள். போவேன். பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துவேன், தலையைச் சாய்த்துக் கேட்பேன், ஏதாவது சொல்வேன். நான் சொன்னதும் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, “ஆமா சார், இப்ப தெரியுது” என்பார்கள். அந்த வார்த்தைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். என் தப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆசை எனக்குப் பிடித்தது ஒரு மண்பானையால். சின்ன வயதில் முடி வெட்டிக்கொள்ளப் போகும் சலூனில், மூலையில் உறி கட்டி ஒரு பானை தொங்கும். அதன் வாயில் ஆறங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தியிருப்பார் கடைக்காரர். அந்தக் காலத்தில் எத்தனையோ டீக்கடைகளிலும் சலூன்களிலும் பானை ஸ்பீக்கர் உண்டு. ஒருநாள் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கரைப் பானையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக் காட்டினார். பாட்டு தகர டப்பாவில் தட்டியதுபோல் ஆனது. மறுபடி பானை வாயில் வைத்தார். தபேலா திரும்ப வந்தது.

அது நிஜமான வித்தை. காகிதக் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று இளகுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். வெறும் ஸ்பீக்கரில் பின்பக்கத்து அலை விளிம்பைச் சுற்றி முன்னால் வந்து, முன்பக்கத்து அலையைத் தின்றுவிடும். கீழ்ச்சத்தம்தான் இப்படி அதிகம் சாகும். வினாடிக்கு 100 அதிர்வுள்ள சத்தத்தின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதற்கு ஆறங்குலம் ஒரு தடையே இல்லை. பானை அந்தப் பின்னலையை உள்ளே அடைத்துவிடுகிறது. இதையெல்லாம் பிற்பாடு கல்லூரியில் படித்தபோது, அந்தச் சலூன் பானைதான் என் கண் முன்னால் நின்றது.

ஆனால் பானை எனக்கு இன்னொரு பாடத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டது, தப்பாக. சல்லிக்காசு பெறாத ஒரு பொருள் இவ்வளவு செய்யும் என்றால், வேறு எதெல்லாம் செய்யாது என்று நினைக்க ஆரம்பித்தேன். பானை ஏன் வேலை செய்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, பானையைப் போன்ற அதிசயங்களைத் தேடிப் போனேன்.

அதிசயங்களுக்குப் பஞ்சமில்லை. 1990 வாக்கில், சிடியின் விளிம்பில் பச்சை மை பூசினால் சிதறும் லேசர் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், சங்கீதம் தெளியும் என்று உலகம் முழுக்க ஒரு பேச்சு கிளம்பியது. சிடி படிக்கும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 780 நானோமீட்டர். பச்சை மைக்கும் அதற்கும் என்ன பந்தம் என்று ஓர் இயற்பியல் வாத்தியார் கேட்டிருக்க வேண்டாமா? நான் ஸ்கெட்ச் பேனா வாங்கிப் பூசினேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பீட்டர் பெல்ட் என்றொருவர் இருந்தார். நாற்காலி, மேசையின் நான்கு கால்களில் ஒன்றின் அடியில் மட்டும் காகிதத் துண்டு வைத்தால் அறையில் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று சொன்னவர். அதையும் செய்தேன். சிடியை ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் நல்லது என்றார்கள், வைத்தேன். வயர் தரையில் படக்கூடாது என்றார்கள். கார்த்திகைக்கு வாங்கிய அகல்களைக் கவிழ்த்து, முழத்துக்கு ஒன்றாக வைத்து, அதன்மேல் வயரை ஓட்டினேன். பெட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் நாலணாக் காசு வைத்தேன்.

ஒவ்வொரு முறையும் வித்தியாசம் கேட்டது. பொய்யாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டது. ஒரு பாட்டை இரண்டாவது முறை கேட்கும்போது முதல் முறை கவனிக்காதது காதில் விழும். எழுந்துபோய் அகலை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தால், தலை அரையடி தள்ளி இருக்கும். அந்த அரையடியில் அறையின் சத்தமே மாறும். சத்தம் ஒரு துளி கூடினாலும், கூடியது என்று தோன்றாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேல், கேட்க வேண்டும் என்று மனசு ஏற்கெனவே முடிவு செய்திருக்கும்.

அந்த நாயனக்காரப் பெரியவர் வீட்டுக்கு நான் போனது 2012-ல். எழுபத்தைந்து வயது தாண்டியவர். பல் விழுந்து சீவாளி பிடிக்க முடியாமல் வாசிப்பை விட்டுப் பத்து வருஷமாகியிருந்தது. மகன் சிங்கப்பூரில். “அப்பா கேட்டுக்கிட்டே இருக்கட்டும் சார், நல்ல செட்டா ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று பணம் அனுப்பினார். கையில் கிடைத்த நல்ல பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். எட்டங்குல ஸ்பீக்கர் போட்டு இரண்டு பெட்டி செய்தேன். உள்ளே இலவம்பஞ்சு அடைத்தேன். பஞ்சு உள்ளே திரும்பும் அலையின் வேகத்தைக் குறைத்து, பெட்டியைச் சற்றுப் பெரிதாக்கியதுபோல் நடந்துகொள்ளும். அதில் புரளி இல்லை. பெட்டிகள் நன்றாகவே வந்தன.

அந்த வருஷத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பகலெல்லாம் கரண்ட் இல்லை. நான் வயர் இழுக்கப் போனது சாயங்காலம். டார்ச்சை மருமகள் பிடித்துக்கொண்டார். வலது பெட்டி ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. இடது பெட்டிக்குக் கொண்டுபோன சிவப்பு-கறுப்பு வயர் எட்டவில்லை. பையில் வேறு ஒரு துண்டு கிடந்தது: கண்ணாடி உறைக்குள் ஓர் இழை செம்பு நிறம், ஓர் இழை வெள்ளி நிறம். அதைச் சேர்த்து முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினேன். செம்பு இழையைப் பெட்டியின் சிவப்பு முனையில் கொடுப்பது என் வழக்கம், கொடுத்தேன். ஆனால் டேப்புக்குள்ளே நான் சிவப்போடு முறுக்கியது வெள்ளி இழையை. டார்ச் வெளிச்சத்தில் செம்பும் வெள்ளியும் ஒன்றுபோலவே இருந்தன.

ஒன்றரை வோல்ட் பேட்டரியை வயர் முனையில் தொட்டால், கூம்பு வெளியே தள்ளுகிறதா, உள்ளே இழுக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பீக்கர் தொழிலில் இருக்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். வேலை முடிந்ததும் செய்திருந்தால் ஒரு நிமிஷம். இருட்டிவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போனேன். காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய கச்சேரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் பிரம்பு நாற்காலியில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார், தடுத்தேன்.

“எப்படிங்கய்யா இருக்கு?”

“நல்லாருக்கு தம்பி. நாயனம் துல்லியமா கேக்குது.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சங்கடத்தோடு சொன்னார். “தவில்ல தொப்பி கேக்கலையே. வலந்தலை மட்டும் பேசுது. நாயனமும் எங்கிருந்து வருதுன்னு புரியலை. ஆளு எதுக்க உக்காந்து வாசிக்கணும்ல? சுவத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு.”

தவில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலந்தலை, கூடு மாட்டிய விரல்களால் வாசிக்கும் வலது பக்கம், கணீரென்று பேசும். தொப்பி, கழியால் அடிக்கும் இடது பக்கம். கீழ்ச்சத்தம், நெஞ்சில் வந்து இறங்கும். காருகுறிச்சி 1964-ல் மறைந்தவர். அவர் காலத்துப் பதிவு ஒரே தடம்; இரண்டு பெட்டிக்கும் ஒரே சமிக்ஞைதான் போகும். வயர் சரியாக இருந்தால் அது நடுவில், கேட்பவருக்கு நேர் எதிரே, ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் நிற்கும். ஒரு பெட்டியின் வயர் தலைகீழானால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கீழ்ச்சத்தம் ஒன்றையொன்று தின்று மறையும். மேல்சத்தத்தின் அலை குட்டை, அதனால் முழுசாக அழியாது. இடம் மட்டும் கலைந்துபோகும். தொப்பி போய், வலந்தலை மிஞ்சி, நாயனம் சுவருக்குள் போய்விடும்.

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் அந்தக் கோளாறு. பிளஸ் ஒன் வகுப்பில் நான் நடத்துகிற பாடம் அது: அலைகளின் மேற்பொருந்துதல். இரண்டு அலைகள் எதிர்க்கட்டத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று பலகையில் எத்தனையோ வருஷம் படம் போட்டிருக்கிறேன். ஒரு நாயனக்காரர் தன் கூடத்தில் உட்கார்ந்து அதே பாடத்தை எனக்குத் தன் பாஷையில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. வயரின் இரண்டு முனையையும் குனிந்து பார்த்தேன். சிவப்பில் சிவப்பு, பெட்டியில் செம்பு. சரியாக இருக்கிறது என்று நிமிர்ந்துவிட்டேன். நடுவில் இருந்த டேப்பை நினைக்கவே இல்லை.

நாற்காலியில் நானும் உட்கார்ந்து கேட்டேன். ஏதோ குறைவதுபோல்தான் இருந்தது. ‘என்னவென்று தெரியவில்லை ஐயா, பார்க்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சவுண்டு சார் அப்படிச் சொல்லிப் பழகவில்லை. “புதுப் பெட்டிங்கய்யா, பழகணும்” என்றேன். அடுத்த வாரம் அகல்களோடு போனேன். அதற்கடுத்து நாலணாக் காசு. பிறகு அவர் கேட்கும் சிடிகளின் விளிம்பில் பச்சை மை. ஒவ்வொன்றும் வைத்துவிட்டு, “இப்ப எப்படி?” என்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். வீடு தேடி வந்த வாத்தியார் மனம் கோணக்கூடாதே என்று, “கொஞ்சம் தேவலை தம்பி” என்பார். நான் சந்தோஷமாக வீடு திரும்புவேன்.

இந்த இடத்தில்தான் நான் மறைத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவ் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படியும், ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்தும் ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலையுள்ள பெட்டிகள் மேலே ஏறின. மறைத்ததும் அந்த ஏற்றம் இல்லை. இதைப் படித்துவிட்டு, 2013 கோடை விடுமுறையில் என் வீட்டில் நானும் செய்து பார்த்தேன். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் காசைச் சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் அகல் மேல் வயர், தலை விழுந்தால் தரையில் வயர் என்று மாற்றினாள். பதினாறு முறை. நான் சரியாகச் சொன்னது ஏழு. குருட்டுவாக்கில் சொன்னாலே எட்டு வரும்.

மகள் தாளை நீட்டி, “என்னப்பா?” என்றாள். “இன்னைக்கு எனக்கு ஜலதோஷம்” என்று சொல்லித் தாளை வாங்கிக் கிழித்தேன். ஜலதோஷம் இல்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது, அகலிலும் காசிலும் ஒன்றுமில்லை என்று. அதற்கு அடுத்த மாதம்தான் பெரியவர் வீட்டுக்குக் கல் கொண்டுபோனேன். முன்பு செய்ததை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். கல்லைத் தெரிந்தே கொண்டுபோனேன். கடப்பாக் கல், ஓர் அடிக்கு ஓர் அடி, இரண்டு. கல் அறுக்கும் பட்டறையில் மிச்சத் துண்டாகக் கிடந்தவை. பெட்டிக்கு அடியில் ஒன்று ஒன்று வைத்தேன். ஆடும் ஸ்டூலில் நிற்கிற பெட்டிக்குக் கல் கொஞ்சம் உதவும். அவர் பெட்டிகள் உறுதியான தேக்கு முக்காலி மேல் இருந்தன.

அன்றைக்கு அவர் மரியாதைக்காகக்கூட ‘தேவலை’ என்று சொல்லவில்லை. களைத்திருந்தார். “இல்ல தம்பி. தொப்பி இல்லை. போன வாரம் சாமி பொறப்பாடு தெருவுல வந்துது, அப்ப கேட்டுது. இதுல கேக்கலை” என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல முடியும்? நேரில் கேட்கிறது, பெட்டியில் கேட்கவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

நான் சொன்னேன்: “நேர்ல சத்தம் ஜாஸ்திங்கய்யா, அதான். வயசாகுதுல்ல. உங்க காது பழைய மாதிரி இல்லைங்கய்யா.”

வயதானால் காதில் முதலில் குறைவது மேல்சத்தம். ‘ஸ்’, ‘ச்’ என்ற ஓசைகள் மங்கும், சுவர்க்கோழி சத்தம் மறையும். கீழ்ச்சத்தம் கடைசிவரை ஓரளவு நிற்கும். சீவாளியின் நுணுக்கமெல்லாம் கேட்கிற ஒருவருக்குத் தொப்பி மட்டும் கேட்காமல் போக வயது காரணமாக முடியாது. இதுவும் எனக்குத் தெரியும். வேறு பதில் கையில் இல்லை, அதனால் சொன்னேன். என் பெட்டியில் குறை என்று ஊர் பேசக்கூடாது, அதனால் சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. வலது காதைக் கையால் மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். பிறகு இடது காதை. “இருக்கும்” என்றார்.

அந்த வீட்டுக்கு விடியற்காலையில் ஒரு பையன் நாயனம் கற்க வருவான். பக்கத்துத் தெருக் கொத்தனார் மகன். எங்கள் பள்ளியில் பத்தாவது. பெரியவர் வாசிக்க முடியாவிட்டாலும் வாயால் பாடிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். பைசா வாங்கமாட்டார். அவனுக்காக மூலையில் பழைய நாயனம் ஒன்றைத் துடைத்து வைத்திருப்பார். ஆவணி மாதம் என்று நினைவு, பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபின் அந்தப் பையன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான்.

“ஐயா இனிமே வரவேணாம்னுட்டாங்க சார்.”

“ஏன்டா?”

“தெரியலை சார். நீங்க பேசிப் பாக்கிறீங்களா?”

சாயங்காலம் போனேன். பெரியவர் சொன்னார்: “தொப்பியே காதுல விழல தம்பி. இவன் ஊதுறது சுருதியில சேருதா, விலகுதான்னு நான் எப்படித் தீர்ப்பு சொல்றது? சின்னப் புள்ள. தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டா அது அவன் விரல்ல உக்காந்துடும், அப்பறம் போகாது. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?”

அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். காது பற்றி நான் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு, ஒரு காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். “அவசரப்படாதீங்கய்யா” என்று மட்டும் முனகிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். பையனைப் பள்ளியில் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, மாமாவோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

2015 பொங்கலுக்கு முன்னால் பெரியவர் வீட்டில் வெள்ளையடித்தார்கள். சாமான்களை நகர்த்தியதில் வயரெல்லாம் அவிழ்ந்துவிட்டது, வந்து மாட்டிக் கொடுங்கள் என்று மருமகள் போன் செய்தார். போனேன். நடு இணைப்பில் டேப்பின் பசை வெயிலுக்கு உருகி, தூசியும் எறும்பும் ஒட்டி, கையில் பிசுபிசுத்தது. புதுசாகச் சுற்றலாம் என்று உரித்தேன். நல்ல பகல் வெளிச்சம், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சுற்று பிரிந்ததும், சிவப்பு உறையிலிருந்து வந்த இழையும் வெள்ளி இழையும் பின்னிக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் கறுப்பும் செம்பும்.

கை நடுங்கியது. இரண்டே கால் வருஷம் ஒரே நொடியில் கண் முன்னால் ஓடியது. கூடத்தில் யாரும் இல்லை. வயரை அந்த இடத்தில் வெட்டி எடுத்து, ஒழுங்காகச் சேர்த்து, பேட்டரி வைத்துப் பார்த்தேன். இரண்டு கூம்பும் ஒன்றாக வெளியே தள்ளின. காருகுறிச்சியைப் போட்டேன்.

தொப்பி விழுந்தது. முதல் அடியிலேயே முக்காலியில் இருந்த டம்ளர் சிணுங்கியது. நாயனம் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஆளுயரத்தில், கச்சிதமாக வந்து நின்றது. கொல்லைப் பக்கம் இருந்த பெரியவர், கம்பைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, தொப்பி!”

நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாட்டு முடியும்வரை பேசவில்லை. கண்ணில் தண்ணீர். முடிந்ததும் கேட்டார், “என்ன செஞ்சீங்க?”

வெட்டிய துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். மூன்று வார்த்தை போதும்: தப்பு என்னோடது ஐயா. வெள்ளையடித்தவர்களின் ஏணி சாய்ந்திருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, “கல்லைத் திருப்பிப் போட்டேங்கய்யா” என்றேன்.

அவர் குனிந்து கடப்பாக் கல்லைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன்பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கல்லைக் காட்டிச் சொன்னார். பட்டறைக்கு ஆட்கள் கல் கேட்டுப் போனார்கள். பையனுக்கும் சொல்லி அனுப்பினார், காது சரியாகிவிட்டது, வரலாம் என்று. அவன் வரவில்லை. வேலையை விட்டு எப்படி வருவான்? மூலையில் இருந்த நாயனத்துக்கு உறை தைத்துப் போட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்ல, காசு செலவில்லாத காரியங்கள் சில உண்டு, எல்லாமே காரணம் தெரிந்தவை. முதலில் வயர் இரண்டும் நேராக இருக்கிறதா என்று பேட்டரி வைத்துப் பாருங்கள். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து அடி அடியாக நகர்த்திக் கேளுங்கள். மூலை கீழ்ச்சத்தத்தைப் பெருக்கும், சில வீட்டில் அது தேவை, பல வீட்டில் தொல்லை. சின்ன ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரட்டும். எதிர்ச்சுவர் வெறும் சுவராக இருந்தால் பஞ்சு மெத்தையையோ கனமான போர்வையையோ தொங்கவிடுங்கள். முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கேட்கிறவர் சொல்வதைக் கேளுங்கள். அவருக்கு வார்த்தை தெரியாமல் இருக்கலாம், ‘சுவத்துக்குள்ள இருந்து வருது’ என்று சொல்லலாம். அது பிழையான பேச்சு இல்லை.

சென்ற தை மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். பெட்டிகள் அதே இடத்தில் இருக்கின்றன. கல்லில் சந்தனப் பொட்டு. அவர் இருந்தவரை தினம் அவரே துடைத்துப் பொட்டு வைப்பாராம், இப்போது மருமகள் வைக்கிறார். வெட்டியெடுத்த அந்தத் துண்டு வயரை மேசைமேல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். டார்ச் பிடித்த சாயங்காலத்தை அவரும் நினைவு வைத்திருந்தார். நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

“அப்போ மாமாவுக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சும்மா.”

உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் போன் இருந்தது, சிங்கப்பூருக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. என்னிடம் நீட்டி, “அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க சார். அப்புறம் திருப்பூர் நம்பரும் தர்றேன்” என்றார்.

வாங்கிக்கொண்டேன்.